அடைக்கலமாக வந்த பிள்ளைகள்

1887 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15 ஆம் நாள், சிங்கப்பூரில் சிலேகி சாலையை ஒட்டிய ஷார்ட் ஸ்ட்ரீட் என்னும் சிறிய தெருவிலே, ஒரு கடைவீட்டில், ஒன்பது தமிழ்ச் சிறுமியரைக் கொண்டு ஒரு பாடசாலை தொடங்கிற்று. அதை நடத்த முன்வந்தவர், அந்நகரில் கால்வைத்து ஒரு மாதமே ஆகியிருந்த ஸோபியா பிளாக்மோர் என்னும் ஆஸ்திரேலியப் பெண்மணி. நடத்தித் தரும்படி அவரைக் கேட்டவர்கள், தம் புதல்வியர் எழுத்தறிய வேண்டும் என்று விரும்பிய தமிழ் வணிகர் சிலர். ஒன்பது பேரோடு பிறந்த அந்தப் பாடசாலையே பிற்காலத்தில் மெதடிஸ்டு பெண்கள் பள்ளி என்னும் பெரிய கலாசாலையாக ஓங்கி, இன்று புக்கிட் தீமா வட்டாரத்தில், அம்மையாரின் பெயரையே தாங்கிய பிளாக்மோர் டிரைவ் என்னும் சாலையில் நிலைபெற்றிருக்கிறது. ஸ்தாபனங்களின் சரித்திரத்தை எழுதுவோர் இந்த வளர்ச்சியைக் கண்டு மகிழ்ந்து மேலே செல்வர். எனக்கோ அந்த முதல் நாளிலேயே நின்று சிந்திக்கத் தோன்றுகிறது. தந்தையர் வேண்டியது கல்வி. அம்மையார் கடல் கடந்து வந்தது கிறிஸ்துவை அறிவிப்பதற்கு. இருவேறு நோக்கங்கள் ஒரே கூரையின்கீழ், ஒன்பது குழந்தைகளின் முன்னிலையிலே, சந்தித்தன. அவ்வாறு சந்தித்தது தர்மந்தானா என்பதே என் கேள்வி.

இக்கேள்வியைப் பகைமையோடு கேட்பவர்கள் உண்டு. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தைச் சூழ்ந்த தமிழ்த் திருச்சபைகளின் ஓய்வுநாள் பள்ளிகளில் பிள்ளைகளோடு அமர்ந்து வேதபாடம் சொல்லும் பழக்கமுடைய நான், இதைப் பிறர்மேல் சாட்டும் குற்றமாகக் கேட்கவில்லை. என் கையிலுள்ள பணி எத்தகையது என்று அறியும் ஆவலால் கேட்கிறேன். வளர்ந்த மனிதனுக்கு ஒரு மார்க்கத்தைப் போதிப்பது எளிதில் நியாயப்படுத்தத் தக்கது. அவன் கேட்பான், மறுப்பான், வேண்டாமென்றால் எழுந்து போவான். ஏழு வயதுக் குழந்தை எழுந்து போகாது. ஆசிரியர் சொல்வதெல்லாம் அதற்கு உண்மை. அந்த நம்பிக்கையே கல்விக்கு ஆதாரம். அதே நம்பிக்கைதான் ஆசிரியனுக்கு மிகப் பெரிய சோதனையும் ஆகிறது.

பிளாக்மோர் அம்மையார் 1857 இல் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்துக் கோல்பர்ன் நகரில் பிறந்தவர். இந்தியாவில் சில காலம் தங்கிய பின்னரே சிங்கப்பூர் வந்தவர். சிங்கப்பூருக்கு மெதடிஸ்டு சபை வந்த கதையே இந்திய மண்ணோடு பின்னிய கதை. 1885 ஆம் ஆண்டு பிப்ரவரியில், இந்தியாவில் நெடுங்காலம் ஊழியம் செய்த தோபர்ன் என்னும் அமெரிக்கப் போதகர், பெங்களூரில் பிறந்தவராகிய வில்லியம் ஓல்டம் என்னும் இளைஞரை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரில் வந்து இறங்கினார். ஓல்டம் மறு ஆண்டே அமாய் ஸ்ட்ரீட்டில் பதின்மூன்று மாணவரோடு ஆங்கில சீனப் பள்ளியைத் தொடங்கினார். ஆண்பிள்ளைகளுக்கு வழி பிறந்தபின், பெண்பிள்ளைகளை நினைக்க ஒருவர் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரத்து மெதடிஸ்டுப் பெண்கள், மேரி நிண்ட் அம்மையாரின் தூண்டுதலால், பூமத்திய ரேகையை அடுத்த ஒரு தீவின் பெண்மக்களுக்காகப் பொருளுதவி செய்வதாக உறுதி பூண்டனர். பனியிலே வாழும் தாய்மார், தாம் ஒருகாலும் காணப்போகாத குழந்தைகளுக்காகத் தம் பணப்பையைத் திறந்ததை நான் பெரிய காரியமாகவே மதிக்கிறேன்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அந்நாளில் சிங்கப்பூர்த் தமிழரிற் பெரும்பாலோர் ஆடவர். துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் கூலிகளாகவும், மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்த செட்டியார்களாகவும், சிராங்கூன் சாலையோரம் மாடு வளர்த்துப் பால் விற்றவர்களாகவும், கணக்கர்களாகவும் வாழ்ந்தவர்கள். கொஞ்சம் பொருள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதே அவர்களிற் பலருடைய எண்ணம். மனைவி மக்களை அழைத்து வந்தவர் சிலரே. அச்சிலரிலும் ஒருவன் தன் பெண்ணைப் பள்ளியில் சேர்க்கத் துணிந்தானாகில், அவன் ஊர் திரும்பும் எண்ணத்தைப் பாதியேனும் கைவிட்டவன், இந்தப் புதிய நகரத்தில் தன் சந்ததி வேரூன்றும் என்று உள்ளூர நம்பத் தொடங்கியவன் என்று கொள்ளலாம். தமிழர்க்குப் பெண்பள்ளி என்பது அதற்கு முன்னரே மிஷனரிகளோடு சேர்ந்த செய்தி. யாழ்ப்பாணத்து உடுவிலில் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கென்று விடுதிப் பள்ளி தொடங்கியது 1824 இல். ஆகவே ஷார்ட் ஸ்ட்ரீட் தந்தையர் கண்ணை மூடிக்கொண்டு தம் மக்களை ஒப்படைத்தார்கள் என்று நான் எண்ணவில்லை. வருகிறவர் யார், எதற்காக வந்தவர் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கும். தெரிந்தும் கேட்டார்கள். அந்த வேண்டுகோளிலேதான் அப்பள்ளியின் நியாயம் முழுவதும் தங்கியிருக்கிறது என்பது என் துணிபு. அம்மையார் அழையாத வீட்டில் நுழையவில்லை.

ஆயினும் ஆட்சேபம் அத்துடன் அடங்கிவிடாது. ரூசோ, 1762 இல் வெளியிட்ட 'எமீல்' என்னும் நூலில், தன் மானசீக மாணவனுக்குப் பதினைந்து வயது வரையில் ஆன்மா என்று ஒன்று உண்டென்பதையே சொல்லாமல் வளர்க்கிறார். பகுத்தறிவு முதிராத பருவத்தில் கடவுளைப் பற்றிச் சொல்வதெல்லாம் குழந்தையின் மனத்தில் விக்கிரகங்களாகவே பதியும் என்பது அவர் கருத்து. அந்நூலைப் பாரிஸ் நகரிலும் ஜினீவாவிலும் எரித்தார்கள். எரித்ததனால் கேள்வி எரிந்துவிடவில்லை. இந்தியாவிலே காந்தியடிகள், மிஷனரிமார்களுடைய கல்விப் பணியையும் மருத்துவப் பணியையும் மதித்துக்கொண்டே, அப்பணிகளின் பின்னே மதமாற்றும் கருத்து மறைந்திருந்தால் சேவை தன் தூய்மையை இழந்துவிடுகிறது என்று திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார். அவரைச் சத்துருவாக எண்ணி எந்தக் கிறிஸ்தவனும் ஒதுக்கிவிட முடியாது; மலைப்பிரசங்கத்தை அவர் வாசித்த சிரத்தையோடு வாசித்தவர்கள் நம்மிலேயே சிலர்தாம்.

ரூசோவுக்கு நான் சொல்லக்கூடிய விடை ஒன்று உண்டு. வெறுமையில் வளரும் குழந்தை உலகத்தில் இல்லை. தாய், பால் கொடுக்கும்போதே பாஷையையும் கொடுக்கிறாள். சோற்றை ஊட்டும்போதே எது உண்ணத்தக்கது, எது தகாதது என்பதையும் ஊட்டுகிறாள். விளக்கேற்றிக் கைகூப்பும்போது தெய்வம் இன்னதென்றும் காட்டிவிடுகிறாள். இவற்றில் எதற்கும் குழந்தையின் சம்மதத்தை அவள் கேட்பதில்லை, கேட்கவும் இயலாது. எதையும் நம்பாமல் வளர்த்தல் என்பதுவும் ஒரு நம்பிக்கையில் வளர்த்தலே. ஆனால் இந்த விடை தாய்க்குச் செல்லுமேயன்றி, அயலூரிலிருந்து வந்த ஆசிரியருக்குச் செல்லாது. பெற்றவர்களுக்கு உரிமை பிறப்பினாலும், அவர்கள் படும் துன்பத்தினாலும் வருகிறது. ஆசிரியருக்கு உள்ளது இரவல் உரிமை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி வைத்திருந்தவரிடம் ஒருவர் அடைக்கலமாக வைத்துச் சென்ற நகையை அவர் காக்கலாம், தூசி தட்டி வைக்கலாம். அதை உருக்கித் தம் விருப்பப்படி வேறோர் ஆபரணம் செய்துவிட்டு, முன்னதினும் இது அழகு என்று சொல்லித் திருப்பித் தர அவருக்கு அதிகாரம் இல்லை.

அப்படியானால், உள்ளத்தில் ஒரு விசுவாசம் கனன்றுகொண்டிருக்கும் ஆசிரியர் வாய் திறவாதிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை, அதனினும் மேலாக, அவர் மௌனமாயிருப்பது கூடாது என்றே நான் சொல்வேன். தாம் வந்த காரணத்தை மறைத்து, எழுத்தை மட்டும் கற்பிப்பவர்போல் நடித்து, சமயம் பார்த்துத் தம் கருத்தை நுழைப்பவர் வஞ்சகம் செய்கிறார். பெற்றோருக்குத் தெரியச் சொல்வதையே பிள்ளைக்கும் சொல்லுதல், பெற்றோர் கதவருகில் நின்று கேட்டால் குரலைத் தாழ்த்த வேண்டாத விதமாகச் சொல்லுதல், அதுவே நேர்மை. காந்தியடிகளின் கண்டனம் மறைந்த நோக்கத்தையே முதன்மையாகச் சுட்டியது. மறைப்பு நீங்கினால் அக்கண்டனத்தின் கூர்மையில் ஒரு பகுதி நீங்கிவிடுகிறது. மீதிப் பகுதி, அதாவது உதவி பெறுகிறவன் நன்றியின் பாரத்தால் ஒப்புக்கொள்ளக்கூடும் என்பது, நீங்காமலே நிற்கிறது. அதை நீக்க ஒரே உபாயந்தான் உண்டு: ஒப்புக்கொள்ளாதவனுக்கும் உதவி ஒரு துளியும் குறையாமல் கிடைக்க வேண்டும், குறையாது என்பதை அவன் கண்ணால் காணவும் வேண்டும்.

சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றிச் சுவிசேஷம் சொல்லும் எச்சரிக்கை மிகக் கடுமையானது. அவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலமாயிருக்கும் என்ற பொருளில் இயேசுநாதர் பேசுகிறார். குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன கனிந்த வார்த்தையை நாங்கள் ஓய்வுநாள் பள்ளிச் சுவர்களில் வண்ணப் படமாக எழுதி வைக்கிறோம். எந்திரக்கல்லை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆசிரியர் அமரும் இடத்துக்கு எதிரே அதையும் எழுதிவைத்தால் நல்லது என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

அயல்நாட்டிற்குப் பணிசெய்யப் போகிறவர் முதலில் எந்நிலையில் அமர வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1706 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஸீகன்பால்கு, தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர். அவர் செய்த காரியம் இதுதான்: திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவரை மாணவர்களோடு தம் இல்லத்திற்கே வரச்செய்து, அச்சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அவர்கள் எழுதியதைத் தாமும் எழுதிப் பழகினார். போதிக்க வந்தவர், போதிக்கப்பட வேண்டியவர்களோடு ஒரே வரிசையில் கடைசி மாணவராக உட்கார்ந்தார். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது சில ஆண்டுகளுக்குப் பின், 1715 இல். அந்த அச்சுப் புத்தகத்திற்கு அடியில் அந்த மணல் இருக்கிறது. அதே மணலை, எண்பது ஆண்டுகளுக்குப் பின், சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் கண்டு, திண்ணைப் பள்ளி முறையைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் அம்முறை இங்கிலாந்து சென்று, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவிற்று. கொடுக்க வந்தவர்கள் பெற்றுச் சென்றதும் உண்டு என்பதை நம்மவர் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

வேறொரு வகையாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, அவருடைய வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். வகுப்பு முறை, பாலபாடம், பிரசங்கம், அச்சகம் ஆகியவற்றை அவர் மிஷனரிகளிடம் கண்டார். கண்டதைத் தம் சமயத்தின் பாதுகாப்புக்கு ஆக்கினார். மிஷனின் கணக்கில் இதை நஷ்டமாக எழுதிக்கொள்ளும் கிறிஸ்தவர் இருக்கலாம். நான் அப்படி எழுதமாட்டேன். பயின்றவன் ஆசிரியருடைய நம்பிக்கையை மறுத்துத் தன் நம்பிக்கையில் உறுதிப்படும் அளவுக்கு அறிவு பெற்றான் என்றால், அங்கே கல்வி உண்மையாகவே நடந்திருக்கிறது. சிங்கப்பூரிலும் 1928 இல் இராமகிருஷ்ண மிஷன் கிளை தோன்றி, லிட்டில் இந்தியாவின் நோரிஸ் ரோட்டில் விவேகானந்தர் பெயரால் ஆண்பிள்ளைகளுக்கும் சாரதாமணி தேவியார் பெயரால் பெண்பிள்ளைகளுக்கும் தமிழ்ப் பள்ளிகளை நடத்திற்று. ஷார்ட் ஸ்ட்ரீட்டுக்கும் நோரிஸ் ரோட்டுக்கும் நடந்து செல்லும் தூரந்தான்.

சிறிய சபை ஒன்றுக்கு வரும் சோதனையைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்நிய ஊரிலே நாற்பது அல்லது ஐம்பது பேர் கூடும் திருச்சபையில் புதிதாக ஒரு குழந்தை வந்து அமர்ந்தால் அனைவருடைய முகமும் மலரும். வளரும் சபை என்ற பெயர் அதற்கு வேண்டியிருக்கிறது. தொலைவிலிருந்து காணிக்கை அனுப்புவோருக்கு எழுத ஒரு செய்தி வேண்டியிருக்கிறது. போதகருக்கும் தம் உழைப்பு வீணாகவில்லை என்னும் ஆறுதல் வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் மனித இயல்பே. ஆனால் அந்த மலர்ச்சியினூடே குழந்தை தன் பெயரை இழந்து ஓர் எண்ணாக மாறிவிடும் அபாயம் உண்டு. 1894 இல் பிளாக்மோர் அம்மையாரின் முயற்சியால் பாபா மலாய் மொழியில் தொடங்கிய சிறு ஆராதனைக் கூட்டம், அவர் நடத்திய மாணவியர் விடுதியில் வளர்ந்த பெண்களையும் அவர்களைச் சார்ந்தவர்களையும் கொண்டு மெல்ல வளர்ந்து, 1930 இல் தேக்காவை அடுத்த கம்போங் கப்பூர் சாலையில் தனி ஆலயம் பெற்றது. அதன் தொடக்கம் வீடு வீடாகச் சென்று, வெளியே வராத பெரானாக்கன் (உள்ளூர்ப் பாபா சீன) பெண்மணிகளின் பக்கத்தில் அமர்ந்து, அவர்கள் பேச்சு மொழியை அவர்களிடமே கற்று, மெல்ல நட்புக்கொண்டதில் இருக்கிறது. சபை வளர்ந்தது அந்த நட்பின் பின்விளைவாக. வளர்ச்சியை முன்னே வைத்து நட்பைக் கருவியாக்குகிறவர்களுக்கும், நட்பை முன்னே வைத்து வளர்ச்சியைக் கர்த்தரிடம் விட்டுவிடுகிறவர்களுக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் அதிகம் தெரியாது. குழந்தைகளுக்கு மட்டும் அது உடனே தெரிந்துவிடும்.

கற்பித்தலில் உள்ள சலிப்பையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஏறத்தாழ கி.பி. 400 இல், கார்த்தேஜ் நகரத்து உதவிக்குரு ஒருவர், புதிதாக வருவோருக்கு அதே அரிச்சுவடியைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தமக்கே அலுத்துவிட்டதாக முறையிட, அவருக்கு விடையாக அகுஸ்தீன் ஒரு முழு நூலையே எழுதினார். பழகிய ஊரை முதன்முறை பார்க்க வந்தவருக்குக் காட்டும்போது, அவர் வியப்பினால் நமக்கும் அவ்வூர் புதிதாகிறதல்லவா, அதுபோல் கற்பவனிடம் அன்பு வைத்தால் பழைய பாடமும் நமக்குப் புதிதாகும் என்பது அவர் கூறும் பரிகாரத்தின் சாரம். பதினாறு நூற்றாண்டுகள் கழிந்தும் இதற்கு மேலான யோசனை எதையும் நான் கேட்டதில்லை. படைப்பின் கதையை ஆறாவது ஆண்டாகச் சொல்லும் ஆசிரியருக்கு, முதன்முறை கேட்கும் குழந்தை கண்களை அகலத் திறந்து, ராத்திரிக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்கும்போது, சலித்த பாடம் திடுமென அடியற்ற ஆழமாகிவிடுகிறது.

அவ்வாறு எழும் கேள்விகளில் ஒன்று மற்றெல்லாவற்றினும் கடினமானது. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரே வீட்டில் இரண்டு சமயங்கள் வாழ்வது அபூர்வமில்லை. தாய் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவாள். தந்தையின் தாய் வெள்ளிக்கிழமை சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவாள். பள்ளி விட்டு வரும் பேரக்குழந்தைக்குச் சோறிட்டுத் தலைவாரி விடுகிறவள் அந்தப் பாட்டிதான். எனவே ஓய்வுநாள் பள்ளி நடத்தும் ஒவ்வொருவரும் என்றேனும் ஒரு நாள் இக்கேள்வியை எதிர்கொள்ளத்தான் வேண்டும்: "டீச்சர், எங்க பாட்டி கோயிலுக்குப் போறாங்க. அவங்க பரலோகத்துக்கு வருவாங்களா?"

மாட்டார்கள் என்று சொல்லும் ஆசிரியர் எட்டு வயதுக் குழந்தையின் முன்னால் தேவனை ஒரு பக்கமும் பாட்டியை ஒரு பக்கமும் நிறுத்தி, இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடு என்கிறார், அது கொடுமை. எல்லாம் ஒன்றுதான், கவலைப்படாதே என்று முதுகைத் தட்டிவிடுகிறவர் பார்வைக்கு இரக்கமுள்ளவராகத் தோன்றினாலும், அவர் பாட்டியின் பக்தியையும் மதிக்கவில்லை, தம் சபையின் விசுவாசத்தையும் மதிக்கவில்லை. இரண்டையும் பொருளற்றதாக்கிக் கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்கிறார். நான் கண்டவரையில் குழந்தைக்கும் சத்தியத்துக்கும் ஒருங்கே நியாயம் செய்யும் விடை ஒன்றே: உன் பாட்டியைப் படைத்தவர் நீ நேசிப்பதைவிட அதிகமாக அவர்களை நேசிக்கிறார்; தீர்ப்பு அவருடையது, என்னுடையதன்று; இன்று வீட்டுக்குப் போனதும் பாட்டிக்கு என்ன உதவி செய்யப் போகிறாய்? இவ்விடையில் என் விசுவாசத்தில் எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நியாயத்தீர்ப்பு தேவனுக்குரியது என்பது என் சபையின் போதனையே. தாய் தந்தையரைக் கனம்பண்ணச் சொல்லும் கற்பனை, பத்துக் கற்பனைகளுள் ஒன்றாக வேதத்திலேயே நிற்கிறது. அதில் வேறு சமயத்துப் பெற்றோருக்கு விலக்கு ஏதும் எழுதப்படவில்லை.

மதபோதனையைப் பற்றிச் சிங்கப்பூர் அரசியல் சாசனமும் தெளிவாகப் பேசுகிறது. ஒவ்வொருவருக்கும் தம் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை உண்டு என்று அதன் 15 ஆம் பிரிவு கூறுகிறது. தம் மதமல்லாத மதத்தின் போதனையைப் பெறவோ வழிபாட்டில் கலந்துகொள்ளவோ எவரும் கட்டாயப்படுத்தப்படலாகாது என்றும், பதினெட்டு வயது நிரம்பாதவருடைய மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிப்பர் என்றும் 16 ஆம் பிரிவு கூறுகிறது. அரசாங்கமே 1984 முதல் உயர்நிலைப் பள்ளி மேல்வகுப்பு மாணவருக்குச் சமயக் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கிப் பார்த்து, சில ஆண்டுகளிலேயே அக்கட்டாயத்தைக் கைவிட்டது. 1990 இல் சமய நல்லிணக்கப் பாதுகாப்புச் சட்டத்தையும் நிறைவேற்றிற்று. சட்டம் எல்லையை மட்டுமே வகுக்கும். எல்லைக்கு உள்ளே நின்றுகொண்டே ஒரு குழந்தையின் மனத்தைப் புண்படுத்திவிடலாம் என்பதைச் சட்டம் அறியாது. ஆசிரியர் அறிய வேண்டும்.

மொழியின் காரியம் ஒன்று இதனோடு கலந்திருக்கிறது. ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ்ப் பெண்களுக்கென்று பிறந்த பள்ளி, சீன, யூரேஷியப் பெண்களும் வந்து சேர்ந்து பெருகப் பெருக, ஆங்கிலப் பள்ளியாயிற்று. தமிழ் அதன் தொட்டிலாக இருந்தது என்பது இன்று நினைவுகூரப்படும் ஒரு செய்தியாக நின்றுவிட்டது. அதே ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்டு திருச்சபை இன்றும் தமிழில் ஆராதித்துவருகிறது. டோர்செட் ரோட்டில் ஆங்கிலிக்கன் தமிழரின் கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. 1888 இல் ஒஃபிர் ரோட்டில் எழுந்த லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே கட்டப்பட்டது. ஆனால் 2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் சுமார் 2.5 விழுக்காட்டினரே. ஆலயத்துக்கு வரும் பிள்ளைகள் தமிழ்ப் பாடலை ஆங்கில எழுத்தில் பார்த்துப் பாடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஊழியத்துக்கென்று வருகிற போதகரும் அவர் மனைவியும், தம் இனத்துப் பிள்ளைகளிடையே இருந்துகொண்டே, பிளாக்மோர் அம்மையாரைப் போல் பாஷை புரியாத அந்நியராகிவிடுகிறார்கள்.

இங்கே பிள்ளைகளைக் குறைகூறுவதும், பெற்றோரைக் கடிந்துகொள்வதும் எளிது. ஆலய முற்றங்களில் அது தாராளமாக நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குழந்தை தன் பயத்தை எந்த மொழியில் சொல்லுமோ அந்த மொழியில் அதற்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அது ஆங்கிலமானால் ஆங்கிலமே ஆகுக. தமிழை அதற்கு ஒரு தண்டனையாகக் கொடாமல் ஆஸ்தியாகக் கொடுக்க வேண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலானோர் விட்டுச்சென்ற கீர்த்தனைகளுக்கு அந்தச் சக்தி உண்டு. பொருள் முழுதும் விளங்காத வயதிலேயே ராகம் உள்ளே போய்த் தங்கிவிடுகிறது, பொருள் பின்னால் ஒரு நாள் வந்து சேர்ந்துகொள்கிறது. விடுமுறை வேதாகமப் பள்ளியில் கைவேலைக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கும் நேரத்தில் பாதியைப் பாட்டுக்கு ஒதுக்கினால் நாம் இழப்பது ஒன்றுமில்லை.

பிளாக்மோர் அம்மையார் நாற்பது ஆண்டுகள் உழைத்து, 1928 இல் சிங்கப்பூரை விட்டு நீங்கினார். 1942 பிப்ரவரியில் அந்நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. தாம் எழுத்தறிவித்த பெண்களும், அவர்களுடைய மக்களும், மக்களின் மக்களும் வாழ்ந்த ஊர் பஞ்சத்திலும் பயத்திலும் கிடந்த அந்த ஆண்டுகளை ஆஸ்திரேலியாவிலே கழித்து, 1945 இல் அவர் காலமானார். அவரிடம் பயின்றவர்களில் கிறிஸ்தவரானோர் உண்டு. ஆகாமலே, எழுத்தையும் தையலையும் தன்மதிப்பையும் எடுத்துக்கொண்டு தம் இல்லம் சென்றோரும் உண்டு. இரு திறத்தாரையும் அவர் ஒரே பலகையில் உட்காரவைத்தார். அப்பள்ளி நிலைத்ததற்குக் காரணம் இரண்டாம் திறத்தாருக்கும் அங்கே இடம் இருந்ததே என்று நான் கருதுகிறேன்; அவர்களை வெளியே தள்ளியிருந்தால், தந்தையரின் நம்பிக்கை அந்த ஆண்டே முறிந்திருக்கும், தெருவில் வேறு எந்தக் கதவும் அவருக்குத் திறந்திராது.

பதினெட்டு வயதில் நம் ஓய்வுநாள் பள்ளியை விட்டு விலகிச் செல்லும் இளைஞனையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். அவன் தேசிய சேவைக்குப் போகிறான், பல்கலைக்கழகத்துக்குப் போகிறான், ஞாயிறு காலையில் வராமலாகிறான். அவனுக்காக ஜெபிக்கலாம், அவன் தாயிடம் நலம் விசாரிக்கலாம். நமக்கு அவன் கடன்பட்டவன்போல் நாம் நடந்துகொள்ளக் கூடாது. புதிதாக இப்பணிக்கு வருவோரிடம் நான் கேட்டுக்கொள்வது, முதல் சில மாதங்கள் பாடத்தைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் கேட்டறியுங்கள் என்பதுதான்: எந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் வீடு, அப்பா எந்த ஷிப்டில் வேலை, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை நினைத்தால் வயிறு கலங்குகிறதா, பாட்டிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, வீட்டில் தூங்கப் போகுமுன் யார் என்ன பாட்டுப் பாடுவார்கள். அவர்கள் சொல்வார்கள். ஆங்கிலத்தில் சொன்னால் ஆங்கிலத்தில் கேளுங்கள். இடையில் வரும் மலாய்ச் சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.